எங்கள் பட்டணத்துச் சுகாதார கிளினிக்கின் நீரிழிவுப் பிரிவு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பேராக் பட்டணத்தின் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்கு, இனிப்புநீர் நோயாளியான என் அம்மாவை ஓராண்டாக அழைத்துச் சென்று வருகிறேன். 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் காட்டியது. காலை ஏழரைக்கே நிரம்பிவிடும் நாற்காலிகளைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பளிக்காது.

குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் இப்பிரிவை நான் பாராட்டுவது மலிவுக்காக அன்று, பாதப் பரிசோதனைக்காக. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் தாதி பாதத்தைத் தொட்டுத் தொட்டு, கண்களை மூடியிருந்த அம்மாவிடம் உணர்வு தெரிகிறதா என்று கேட்டார். இடது கட்டைவிரலில் இழை வளைந்து நின்றபோதும் அம்மா பேசாமல் இருந்தார். அதே விரலின் அடியில், பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கத்தில் இன்றும் அணியும் ரப்பர் பூட்ஸ் உராய்ந்த புண்ணை அப்போதுதான் கண்டோம்.

இரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் உண்டு. முந்தைய இரண்டு நாள் மட்டும் கெட்டிப்பால் தேநீரைத் தவிர்க்கும் அம்மாவின் தந்திரம் அதனிடம் பலிப்பதில்லை.

குறை என்றால், மருந்து முகப்பில் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும், ஓட்ஸ் பற்றி விரிவாகப் பேசிவிட்டுத் தோசையைப் பற்றி மூச்சுவிடாத உணவுக் குறிப்புத் தாளும்தான். தோசைக் கணக்கை நாங்கள் கேட்ட பிறகே, உணவு ஆலோசகர் அத்தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதித் தந்தார்.