‘4கே’ மொனிட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 27 அங்குல மொனிட்டர் இரண்டு வாங்கினேன். ஒன்று 64,000 ரூபா. வீட்டிலிருந்து கோட் எழுதுகிற வேலை, நாளுக்குப் பத்து மணித்தியாலம் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் பிக்சல் (திரையின் புள்ளி) அதிகமுள்ள, எழுத்துக் கூராகத் தெரிகிற 4கே கேட்டேன். கடைக்காரர் செட்டிங்ஸைத் திறந்து 3840 × 2160 என்று காட்டினார். ஓடிக்கொண்டிருந்த கடற்கரை வீடியோவும் பளிச்சென்று இருந்தது. நம்பிக் காசைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து ஒன்றைப் பூட்டி எடிட்டரைத் திறந்த அன்றே கண் உறுத்தத் தொடங்கியது. கோலனும் செமிகோலனும் ஒரே பொட்டாகத் தெரிந்தன. 6 எது, 8 எது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பின்னேரமானால் தலையிடி. கண்ணாடியை மாற்ற வேண்டுமாக்கும் என்று ஒரு கிழமை போய்விட்டது.

அப்புறம்தான் ஒரு படம் செய்து பார்த்தேன். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறிக் கோடுகள். பெருக்காமல் சுருக்காமல் திறந்தால் என் லப்டொப்பில் மயிரிழைக் கோடுகளாகத் தெரிகிறது. இந்த மொனிட்டரில் வெறும் சாம்பல் நிறம்!

உள்ளே இருப்பது 1920 × 1080 பனல், அதாவது படத்தைக் காட்டுகிற திரையில் அவ்வளவு பிக்சல்தான். 4கே சிக்னலை வாங்கி, தானே சுருக்கிக் காட்டுகிறது. கம்ப்யூட்டருக்குத் தன்னை 4கே என்று சொல்லிக்கொள்வதால் செட்டிங்ஸில் அப்படித்தான் வரும். மொனிட்டர் மெனு காட்டுவதும் உள்ளே வருகிற சிக்னலைத்தான், பனலை அல்ல. 27 அங்குலத்தில் உண்மையான 4கே என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 163 பிக்சல், இதில் 82தான். சொன்னதைச் சொன்னபடி விற்கிற 2560 × 1440 மொனிட்டரில்கூட 109 கிடைக்கும். கோட் எழுத அதுவே தாராளம்.

திருப்பிக் கொண்டுபோனேன். “தம்பி, பெட்டியில 4கே சப்போர்ட் எண்டுதானே போட்டிருக்கு” என்றார். “அண்ணை, நான் கேட்டது 4கே பனல். நீங்களும் ஓமெண்டுதானே தந்தனீங்கள்?” என்றேன். பில்லைக் காட்டச் சொன்னார். அதில் ‘27 மொனிட்டர் – 2’, அவ்வளவுதான். மொடல் நம்பரே இல்லை. பாதி விலைக்கு எடுக்கிறேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

லப்டொப்பையும் அந்தக் கோட்டுப் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வைத்தே பாருங்கள், வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மொடல் நம்பரையும் பனல் அளவையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிடம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். நான் கொடுத்துவிட்டேன். மற்ற மொனிட்டரை விசாரணைக்குக் கொண்டுபோகவென்று பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன்.