ரப்பர் விளைக்குள் வைஃபை பிரிட்ஜ்: மூன்று வருஷம் கழித்து

மேல்வீட்டு இணையத்தைக் கேபிள் இல்லாமல் காற்று வழியாகக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோகிற ஒரு ஜோடி யூனிட், அதுதான் வைஃபை பிரிட்ஜ். இந்த ஐப்பசி இடியில் கீழ்வீட்டு யூனிட்டின் லேன் போர்ட், அதாவது கேபிள் சொருகும் துளை, போய்விட்டது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அடாப்டர் போயிருக்கிறது. சரியாக இந்த நேரத்தில் குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்து நண்பர் ஒருவர், "வீட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே 150 மீட்டர் இருக்கு, அந்த ஜோடியையே வாங்கட்டா?" என்று கேட்டிருக்கிறார். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

வெளியில் வைக்கிற 5 கிகாஹெர்ட்ஸ் யூனிட் இரண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்புகிற 24 வோல்ட் பிஓஇ அடாப்டர், 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட். இடம் குலசேகரம் பக்கம். மேல்வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கீழ்வீடு 170 மீட்டர் தள்ளி. ஷீட் அடிக்கிற மிஷின்புரையும் ஒட்டினாற்போல் புகைப்புரையும் 80 மீட்டரில். ஓடைக்கு அக்கரையில் மோட்டார் ரூம். நடுவெல்லாம் ரப்பர் விளை, அதாவது தோட்டம்.

ரேடியோ மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனி ஆடியில் நாள் முழுக்க மழை கொட்டினாலும் 170 மீட்டர் தூரத்துக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. 85, 90 எம்பிபிஎஸ் சோர்வில்லாமல் வரும். மழையை விட இலைதான் வில்லங்கம். இதை வாங்குகிற ரப்பர்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ரப்பர் தை மாதத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த நேரத்தில் மாடியில் கம்பம் நட்டு, அந்தப் பக்கத்து யூனிட் கண்ணுக்குத் தெரிகிறது என்று திருப்பி வைத்தால் சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் காட்டும் (பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு பலம்). மாசி பங்குனியில் தளிர் விட்டு இலை முற்றியதும் அதே இடத்தில் மைனஸ் 76. இலைக்குள் இருக்கிற நீர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும்; மழை நனைத்த இலை இன்னும் மோசம். உடனே எல்லாரும் சொல்வது, "கம்பத்தை உயர்த்து." முற்றின ரப்பர் அறுபது அடிக்கு மேல் போகும். அதற்கு மேலே கம்பம் நட்டால் காற்றில் ஆடியே இணைப்பு போகும்.

உயர்த்தக் கூடாது, இறக்க வேண்டும். பால் வெட்டுகிற விளையில் கிளை பிரிவதற்குக் கீழே திறந்த வெளிதான். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், மர வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகப் பார்க்க வைத்தால் அலைக்குக் குகை மாதிரி ஒரு வழி கிடைக்கிறது. 170 மீட்டருக்கு நடுப்பகுதியில் அலை சுமார் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு விரியும். அதில் அறுபது சதவீதம், அதாவது சுற்றிலும் தொண்ணூறு சென்டிமீட்டர் தடங்கல் இல்லாமல் இருந்தால் போதும். இப்போது வருஷம் முழுக்க மைனஸ் 61, 62. தையிலும் அதே, கார்த்திகையிலும் அதே. இவ்வளவு எளிய வழி எந்தக் கையேட்டிலும் கண்ணில் படவில்லை என்பது ஆச்சரியம். சரிவில் படி வெட்டி நட்ட விளையானால் வரிசை வளைந்து போகும், அங்கே இது நடக்காது. சந்தின் வாயில் மட்டி வாழை வைத்தாலும் ஆறு மாதத்தில் அடைத்துவிடும்.

சேனலை ஆட்டோவில் விடாதீர்கள். 149 என்று நிலையாக வைத்து அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் போதும். இந்த லேன் போர்ட்டுக்கு 80 வீண். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் மாதிரி எதையாவது யூனிட் உணர்ந்தால் தானே விலகி, ஒரு நிமிஷமாவது காத்திருந்துதான் திரும்பி வரும். "அப்பப்ப கட்டாகுது, தானா வருது" என்கிற புகாரில் பாதி இதுதான்.

இனி அந்த அடாப்டர்.

உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா. ஒரு பக்கத்தில் இரண்டு துளை, அச்சு அசலாக ஒன்றுபோல. ஒன்றில் 24 வோல்ட் வெளியே போகிறது, மற்றதில் ரூட்டர் வருகிறது. எது எது என்பது கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே புடைத்த எழுத்தில். கரண்ட் போன ராத்திரியில், மேசைக்கு அடியில், டார்ச் பிடித்து விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். மாற்றிச் சொருகினால் 24 வோல்ட் நேரே ரூட்டரின் போர்ட்டுக்குள் போகும். சில ரூட்டர் தாங்கும், சில தாங்காது. ஒரு துளைக்குச் சிவப்பு, ஒரு துளைக்கு வெள்ளை என்று நிறம் கொடுக்க எவ்வளவு செலவாகும்? மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவை குனியும்போதும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். வாங்கிய அன்றே யூனிட்டுக்குப் போகிற துளையைச் சுற்றி வெள்ளை நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள், அந்தக் கேபிளின் முனையிலும் பூசுங்கள்.

அடாப்டர் சாகும் விதமும் ஏமாற்றும். விளக்கு எரியும், மீட்டர் வைத்தால் 24 காட்டும், யூனிட்டை மாட்டியதும் 16, 17க்கு இறங்கிவிடும். யூனிட் எழும், விழும், எழும். சிக்னல் கோளாறு என்று நினைத்துக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். சுமையோடு அளந்தால்தான் தெரியும்: இந்த வகையில் 4, 5 பின்கள் பாசிட்டிவ், 7, 8 நெகட்டிவ்.

அதனால் "கீழ்வீட்டில் நெட் இல்லை" என்றால் ஏணியைத் தேடாமல் மேல்வீட்டிலிருந்து வரிசையாகப் பிங் போடுங்கள், அதாவது ஒவ்வொரு முகவரியும் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே ரூட்டர் 192.168.1.1, பக்கத்து யூனிட் 192.168.1.11, தூரத்து யூனிட் 192.168.1.12, கீழ்வீட்டு வைஃபை ரூட்டர் 192.168.1.2, கடைசியாக வெளியே கூகுளின் 8.8.8.8; இது மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு மேல்வீட்டு ஃபைபர் இணைப்பில். மற்றபடி எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ அதற்கு முன்புள்ள கண்ணிதான் கோளாறு. 11 பதில் சொல்லி 12 சொல்லவில்லை என்றால் அநேகமாக அந்தப் பக்கம் கரண்டோ அடாப்டரோதான். எல்லாம் பதில் சொல்லியும் போனில் மட்டும் நெட் வரவில்லை என்றால் கீழ்வீட்டு ரூட்டரில் டிஎச்சிபி, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கிற வேலை, ஆன் ஆகியிருக்கலாம்.  அதை ஆஃப் செய்து, கேபிளை வான் (WAN) துளையில் சொருகாமல் லேன் துளையில் சொருக வேண்டும்.

யூனிட்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் லேன் வேகம் 100க்குப் பதில் 10 என்று காட்டினால் கேபிள் முனையைப் பாருங்கள். கடையில் மலிவாகத் தருகிற கேட் 6 பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். தடை அதிகம், மின்சாரம் வழியிலேயே குறையும், வளைத்த இடத்தில் ஒடியும். வெயில் படுகிற இடத்துக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள், உள்ளே முழுச் செம்பு. யூனிட்டுக்குள் ஏறும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்க விட்டு வளைத்து மேலே கொண்டுபோங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். யூனிட்டின் அடிமூடியை ஒழுங்காகச் சாத்தாவிட்டால் எறும்பு கூடு கட்டும். மிஷின்புரைக்கு முதலில் இழுத்த செம்புக் கேபிளின் முனை ஐந்தே மாதத்தில் பச்சை பூத்தது. பாலை உறைய வைக்கிற ஆசிட் ஆவியும் அமோனியாவும் இருக்கிற இடத்தில் செம்பு நிற்காது.

இடிக்கு வருவோம். நேரே விழ வேண்டியதில்லை. பக்கத்து விளைத் தென்னையில் விழுந்தாலே, கம்பத்திலிருந்து அறைக்கு வரும் இருபது மீட்டர் செம்பு அந்த அதிர்ச்சியை வாங்கிப் போர்ட்டில் கொண்டுபோய்க் கொட்டும். சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டலாம், ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் டப்பா. பாறை மண்ணில் ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் என்று சொன்னால் ஆகாது. வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டி, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்க வேண்டும். வானம் கறுத்தால் பலரும் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். லேன் கேபிளையும் இரண்டு பக்கமும் கழற்றினால்தான் பயன். மதியம் மூன்று மணிக்கு இடிக்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள்?

மிஷின்புரைக்குப் போன வருஷம் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டாயிற்று. அதே இடி அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரண்டு இழை உள்ள டிராப் கேபிள், ஒன்று வேலைக்கு, ஒன்று சேமிப்புக்கு. இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர்; இழையின் வெளிச்சத்தை லேன் சிக்னலாக மாற்றுகிற டப்பா. ஒன்று ஏ, ஒன்று பி. ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மறு முனை நேர்மாறு. இரண்டும் ஏ என்று வாங்கி வந்தால் விளக்கே எரியாது. ஒட்டித்தர உள்ளூர் கேபிள்காரர் வருவார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பச்சை முனை, கன்வெர்ட்டருக்கு வேண்டியது நீல முனை. பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், வெளிச்சம்தான் பாதியில் சிதறும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேபிளோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிக் கட்ட வேண்டும். அதை அறைக்குள் கொண்டுவந்தால் இடியை நாமே அழைத்து வருவதுபோல.

மரத்துக்கு மரம் கட்டித் தொங்க விட்டால் ஆடிக் காற்றில் ஒரு கிளை போதும். முக்கால் இன்ச் கறுப்பு ஓஸுக்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைப்பதே நல்லது. காட்டுப்பன்றி கிளறுகிற இடங்களில் இன்னும் அரை அடி. கூலிதான் கேபிளை விட அதிகம் ஆகும்.

ஆக நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். ரேடியோ அருமையானது, மூன்று வருஷத்தில் சிக்னலால் ஒரு நாள் கூட நிற்கவில்லை, இருந்தாலும் வாங்காதீர்கள். 150 மீட்டர் தோண்ட இடம் இருக்கிறவர் தோண்டிவிட வேண்டும். கீழ்வீட்டுக்கும் இந்த வாரம் ஓஸ் இறங்குகிறது.

போர்ட் போன யூனிட்டுக்குப் போர்டு மாற்றியாயிற்று. ஜோடி இனி ஓடைக்கு அக்கரையில் மோட்டார் ரூம் கேமராவுக்குப் போகும், அங்கே தோண்ட வழியில்லை. அதற்காகப் புது அடாப்டர் ஒன்று வாங்கினேன். அதே கறுப்பு, அதே எழுத்து. நெயில் பாலிஷ் பூசிக் காய வைத்திருக்கிறேன்.