கைவிடப்பட்ட பழைய கட்டடங்களைப் பராமரிப்பதா, இடிய விடுவதா?

பெர்லினின் சூட்கெலேண்டே ஒரு காலத்தில் ரயில் யார்டு. 1952-ல் வேலை நின்றதும் தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரங்கள் தானாக முளைத்துக் காடாயின. பூங்காவாக மாற்றியபோது 1927-ல் கட்டிய தண்ணீர்க் கோபுரத்தையும் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். செடிகளை மிதிக்காமல் நடக்க உயரமான இரும்பு நடைபாதையும் போட்டார்கள். அதே சமயம் மரக்கன்றுகளை அவ்வப்போது அகற்றத்தான் வேண்டும். விட்டால் காடு நடுவே இருக்கும் புல்வெளியை விழுங்கிவிடும்.

இங்கிலாந்தின் ஆர்ஃபோர்ட் நெஸ் நேர் எதிர். கூழாங்கல் கடற்கரையில், அணுகுண்டுகளைக் குலுக்கியும் சூடாக்கியும் சோதித்த கான்கிரீட் கூடங்கள். 1993-ல் இடத்தை வாங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அவற்றில் பலவற்றைக் காற்றுக்கும் உப்புக்கும் விட்டுவிட்டது. செலவு குறைவு, பறவைகளுக்குத் தொந்தரவும் குறைவு. ஆனால் 1792-ன் கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கிவிட, 2020-ல் இடித்தே விட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

கடல் அரிக்கும் கரையில் இடிய விடும் வழியைத் தவிர வேறில்லை, சரி. கடலிலிருந்து தள்ளி இருக்கும் பழைய இரும்புக் கட்டுமானங்கள் என்றால் நான் பெர்லின் பக்கம்தான். எந்த வழியானாலும், இடிவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளந்து, படமெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும்.