வேர்டு 2003இல் தனிச்சொல்லுக்கு நிழலிடுதல்: ஒரு தமிழாசிரியரின் மதிப்பீடு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளையில் யாப்பிலக்கணம் சொல்லித்தரும் எனக்கு, பயிற்சித்தாளில் மோனை, எதுகைச் சொற்களை மட்டும் தனித்துக் காட்ட வேண்டிய தேவை எப்போதும் உண்டு. சிறிய அளவில் தடித்த எழுத்தை அச்சிட்டால் தமிழில் சுழிகள் அடைந்துபோகின்றன. அடிக்கோடு இட்டால் உகர, ஊகாரக் குறிகளின் மேல் அது ஏறிவிடுகிறது. சொல்லின் பின்னணியில் மெல்லிய நிழல் இடுவதே இதற்குப் பொருத்தமான வழி. பழைய மென்பொருளாகிய மைக்ரோசாப்ட் வேர்டு 2003 இந்த வேலையை நிறைவாகவே செய்கிறது. ஆனால் அதற்குரிய கருவி எது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

கருவிப்பட்டையில் முதலில் கண்ணில் படும் ஹைலைட் பேனாவில் 15 நிறங்கள் மட்டுமே உள்ளன. அவசரத் திருத்தங்களுக்கு அது போதும். நான் பரிந்துரைப்பது ஃபார்மட் பட்டியலில் உள்ள பார்டர்ஸ் அண்ட் ஷேடிங் வசதியை. வேர்டு 97இலும் இது உண்டு. சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஷேடிங் பகுதியில் சாம்பலின் அடர்த்தியைக் குறித்து, அப்ளை டு என்ற இடத்தில் டெக்ஸ்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தியின் இறுதிக் குறியும் தேர்வுக்குள் வந்துவிட்டால் அந்த இடத்தில் பாராகிராஃப் என்று மாறி, முழுப் பத்தியும் சாம்பலாகிவிடும்.

இவ்வசதியின் உண்மையான பயன், நிழலை ஒரு கேரக்டர் ஸ்டைலுக்குள், அதாவது பெயரிட்டுச் சேமித்து வைக்கும் எழுத்தமைப்புக்குள், சேர்த்து வைக்க முடிவதில் இருக்கிறது. எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று எனப் பெயரிட்டு இரண்டு ஸ்டைல்களை உருவாக்கிக்கொண்டால், பிறகு அடர்த்தியை மாற்ற விரும்பும்போது ஸ்டைலை ஒரு முறை திருத்தினால் போதும், கோப்பு முழுவதும் மாறிவிடும். ஹைலைட்டை இப்படி ஸ்டைலில் சேர்க்க இயலாது. ஹைலைட் செய்த சொற்களை ஃபைண்ட் பெட்டியில் தேடலாம் என்பதும், நேரடியாக இட்ட நிழலை அவ்வாறு தேட முடியாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஸ்டைலின் பெயரைக் கொண்டு தேட முடிவதால் இந்தக் குறை நம் வேலையைத் தடுப்பதில்லை.

மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய இடம் பழைய எழுத்துருக்களோடு இது நடந்துகொள்ளும் விதம். டி.டி.பி. கடைகளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தரும் கோப்புகளில் மெய்யெழுத்தின் புள்ளி, உண்மையில் ஆங்கில அரைப்புள்ளிக் குறியாகவே பதிவாகியிருக்கிறது. எனவே ‘பட்டு’ என்ற சொல்லை இருமுறை சொடுக்கினால், வேர்டு அந்தப் புள்ளியை நிறுத்தக்குறி என்று கருதி அதற்கு முன்பே தேர்வை நிறுத்திவிடுகிறது. எதுகைக்கு உரியதே இரண்டாம் எழுத்து என்னும்போது, அந்த ‘ட்’ அரைகுறையாக நிழல் பெறுவது மாணவரைக் குழப்பும். ‘கொ’ போன்ற எழுத்துகளோ மூன்று தனிக் குறிகளாக நிற்பதால், ஒற்றைக் கொம்பு நிழலுக்கு வெளியே தங்கிவிட வாய்ப்புண்டு. சுட்டியை இழுத்துக் கவனமாகத் தேர்ந்தெடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: நிழலை நீக்கக் கண்ட்ரோலுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினால், நேரடியாக இட்ட பாமினி எழுத்துருவும் சேர்ந்தே நீங்கி, தமிழ்ச்சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவை இயக்கி, லதா போன்ற யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்தால் புள்ளியும் கொம்பும் தத்தம் எழுத்தோடு ஒன்றியே நிற்கின்றன. புதிதாகத் தொடங்குவோர் அவ்வாறே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடர்த்தியில் சிக்கனம் தேவை. மஞ்சக்குப்பத்துக் கடையொன்றில் ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தவரை 10 சதவீதச் சாம்பல் தெளிவாக வருகிறது. 25 சதவீதமோ நகலின் நகலில் எழுத்தையே விழுங்கிவிடுகிறது.

வேர்டு 2003க்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் நிறுவனத்தின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் பயிற்சித்தாள் வேலைக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது. அதில் உருவாக்கிய கோப்புகளைப் புதிய வேர்டு பதிப்புகளில் திறந்தாலும் நிழலும் ஸ்டைலும் அப்படியே வருகின்றன.