17 சதுரங்கள், 6 வாரங்கள்: ஓர் அறிமுகப் பாடநெறியைப் பற்றிய மதிப்புரை

எந்தத் துறை மாணவரும் சேரலாம் என்ற அறிவிப்போடு நடத்தப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் (வறுமை, உடல்நலம், பருவநிலை போன்றவற்றில் 2030-க்குள் எட்ட வேண்டியவை என்று ஐ.நா. வகுத்தவை) அறிமுகப் பாடநெறியில், என் மாணவர்கள் சிலரோடு நானும் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். நான் கற்பிப்பது கணக்குப்பதிவியல். ஓர் இலக்கைச் சொன்னால், அதை எதைக்கொண்டு அளக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும். இந்த மதிப்புரையிலும் அந்தப் பழக்கம் தெரியும்.

முதல் இரண்டு வாரங்கள் வீண் என்றே சொல்ல வேண்டும். இவற்றுக்கு முன்னோடியாக 2000-இல் தொடங்கிய எட்டு புத்தாயிரமாண்டு இலக்குகள், 2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் ஏற்ற 17 இலக்குகள், அவற்றின் கீழ் வரும் 169 துணை இலக்குகள் என்று எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டன. ஆனால் வாரக் கடைசித் தேர்வில், ஒவ்வோர் இலக்குக்கும் சின்னமாக உள்ள வண்ணச் சதுரங்களில் ஏழாவது இலக்கின் சதுரம் என்ன நிறம் என்று கேட்டார்கள். மஞ்சள் என்பது இனி எனக்கு மறக்காது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் பாடநெறி உயிர் பெற்றது. நான்கு துறைகளைச் சேர்ந்த நால்வர் ஒரு குழு. குழுவுக்கு ஒரே ஒரு துணை இலக்கு. நான் உடனிருந்த குழுவுக்கு 3.6 வந்தது: சாலை விபத்துகளால் உலகில் ஏற்படும் இறப்புகளையும் காயங்களையும் 2020-க்குள் பாதியாகக் குறைப்பது. கெடு முடிந்துபோன இலக்கை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்ட சட்ட மாணவியே, 2030-க்குள் பாதியாகக் குறைப்பதென்று ஐ.நா. பொதுச்சபை 2020-இல் புதிய கெடு வைத்த தீர்மானத்தைத் தேடி எடுத்து வந்தார். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதைக் கட்டுமானப் பொறியியல் மாணவர் ஒரு தாளில் போட்டுக் காட்டி, சாலையின் வடிவமைப்பிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செவிலியர் படிப்பு மாணவி, இலக்கின் முன்னேற்றத்தை அளக்க ஐ.நா. வைத்திருக்கும் குறியீட்டைச் சுட்டிக்காட்டினார். இலக்கில் இறப்பும் இருக்கிறது, காயமும் இருக்கிறது. குறியீடோ இறப்பு விகிதத்தை மட்டுமே கேட்கிறது. காலை இழந்து பிழைத்தவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று அவர் கேட்டபோது, என் கணக்குப்பதிவியல் மாணவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பேரேட்டில் தலைப்பே இல்லாத செலவு எவ்வளவு பெரியதானாலும் கண்ணில் படாது என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அவர் கேட்ட ஒரு கேள்வியின் பலன் அதற்கு இருந்ததில்லை.

நான்காம் வாரப் பாடக்குறிப்பில் ஒரு குறை இருந்தது. கடும் வறுமைக்கோடு நாளொன்றுக்கு 1.90 டாலர் என்று ஆண்டு குறிப்பிடாமல் அச்சிட்டிருந்தார்கள். வறுமையை ஒழிப்பது பற்றிய முதல் இலக்கின் மூல வாசகத்தில் இருப்பது 1.25, அதே 2015-இல் உலக வங்கி அதை 1.90 ஆக்கியது, 2022-இல் 2.15 ஆனது, 2025-இல் 3.00 ஆனது. நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் அடிப்படை மாறுவதாலும் நாடுகளின் புதிய தரவுகள் வருவதாலும் கோடு நகர்கிறது. கோடு நகரும்போது, எவருடைய வாழ்க்கையும் மாறாமலேயே ஏழைகளின் எண்ணிக்கை மாறுகிறது. பொருளியலும் புள்ளியியலும் சேர்ந்து ஒரு வாரம் பேசக்கூடிய விஷயம் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிட்டது.

இலக்குகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களையும் பாடநெறி நழுவவிட்டது. மிகவும் பின்தங்கிய நாடுகள் ஆண்டுக்குக் குறைந்தது 7 சதவீதம் வளர வேண்டும் என்கிறது 8.1 துணை இலக்கு, பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதைப் பற்றியது 13-ஆம் இலக்கு. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று ஒரு மாணவர் கேட்டதற்கு, எல்லா இலக்குகளும் பிணைந்தவை என்ற வரைபடம் திரையில் காட்டப்பட்டது. அது பதிலாகாது.

இலக்கிய மாணவர்களுக்குச் சுவரொட்டி வரையும் பணியை ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. ‘எவரையும் பின்தங்க விடாமல்’ என்று இந்த இலக்குகள் தரும் வாக்குறுதியில் அந்த ‘எவரையும்’ யார், ‘விடாமல்’ இருக்க வேண்டியவர் யார் என்று சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் வண்ணப் பேனாவைக் கொடுத்துவிட்டால், எல்லாத் துறைக்குமான பாடநெறி என்ற பெயருக்குப் பொருளில்லை.

குழு கலப்பாக அமையும் என்ற உறுதி கிடைத்தால் மாணவர்கள் தயங்காமல் சேரலாம். ஒரே துறையினர் மட்டும் கூடும் வகுப்பு என்றால் வேண்டாம். அடுத்த முறையும் நான் சேருவேன், ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து.