உயரத்து ஓசோனை அளக்க: பலூனா, செயற்கைக்கோளா?

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு மூன்று வழிகள் முன்னால் இருந்தன: தரையில் வைத்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியால் செய்யும் உம்கேர் முறை, ஆரா செயற்கைக்கோளில் இருக்கும் எம்.எல்.எஸ். கருவி, பலூனில் கட்டி விடும் ஓசோன்சோண்ட். நாங்கள் ஓசோன்சோண்டை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உம்கேரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சூரியன் எழும்போதோ விழும்போதோ தலைக்கு மேல் வானத்தில் சிதறும் புற ஊதா ஒளியை அளந்து, ஓசோன் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிடும் முறை அது. பத்தாண்டுக் கணக்கில் நீளும் பழைய தொடர்கள் அதில்தான் கிடைக்கும். அந்த மதிப்பு குறையாது. ஆனால் தலைக்கு மேல் மேகம் இருக்கக்கூடாது. மழைக்காலம் முழுக்க அதை நம்பி உட்கார முடியாது. 1991இல் பினாடுபோ வெடித்தது போல எரிமலைத் தூசு மேலே ஏறிவிட்டால் கணக்கே பிசகிவிடும்.

எம்.எல்.எஸ். வேறு ரகம். 2004இல் மேலே போனது. வளிமண்டலத்தின் விளிம்பிலிருந்து வரும் நுண்ணலைகளைப் பிடிப்பதால் அதற்கு இரவு பகல் ஒன்றுதான். உலகம் முழுக்க நாளொன்றுக்குச் சுமார் 3,500 இடங்களில் உயரவாரியான அளவு தரும். 30 கிலோமீட்டருக்கு மேலே அதற்குப் பலூன் ஈடு இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது 12 முதல் 18 கிலோமீட்டர் வரையுள்ள பட்டை. ஓசோன் சட்டென்று ஏறத் தொடங்கும் எல்லை அங்கேதான் இருக்கிறது. எம்.எல்.எஸ். உயரவாரியாகப் பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அடுக்குகளாகத்தான். ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள அடுக்கு அதில் கரைந்து காணாமல் போய்விடும். சோண்டோ நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டே அளக்கிறது. சுமார் 150 மீட்டருக்கு ஒரு மாற்றம் என்றாலும் காட்டிவிடும்.

சோண்டை எடுப்பவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே போவது புதுக் கருவி. அளவின் தரம் கருவியோடு வருவதில்லை. அதைத் தயார் செய்யும் மேசையில்தான் முடிவாகிறது. உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஊற்றிய இரண்டு சிறு அறைகள். டெஃப்லான் பம்ப் காற்றை உள்ளே இழுக்கிறது. ஓசோன் கரைசலோடு வினைபுரிந்து மின்னோட்டம் உண்டாகிறது. கேத்தோடு அறையில் 3 மில்லி ஊற்றி, சற்றுப் பொறுத்து, ஆனோடு அறையில் 1.5 மில்லி ஊற்ற வேண்டும். 100 மில்லி காற்றை இழுக்கப் பம்ப் எத்தனை நொடி எடுக்கிறது என்று சோப்புக் குமிழியை ஓடவிட்டு அளப்போம். 28, 30 நொடி வரும்.

அடுத்ததுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது: பின்னணி மின்னோட்டம். ஓசோனே இல்லாத காற்றைச் செலுத்தினாலும் அந்த அறைகளில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடும். 25 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் தரும் மின்னோட்டம் 4 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அங்கே பின்னணி 0.03 என்றால் கண்டுகொள்ள வேண்டாம். 14 கிலோமீட்டரில் மொத்தமே 0.1ஐத் தொடாத நாட்கள் உண்டு. அங்கே அதே 0.03 கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காற்றிலிருந்து ஓசோனை நீக்கும் கரி வடிகட்டி பழசாகியிருந்தாலும் கண்ணாடிக் குடுவை சரியாகக் கழுவாமல் இருந்தாலும் நாம் தேடும் அடுக்கிலேயே பொய் எண் வந்து நிற்கும். பின்னணி இறங்கும்வரை காத்திருங்கள். இறங்கவில்லையென்றால் அந்த சோண்டை அன்று விடாதீர்கள்.

கரைசலின் செறிவும் அப்படித்தான். ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வு மையத்தில், உயரத்து வளிமண்டலச் சூழலை உண்டாக்கும் கலனில் 1996 முதல் சோண்டுகளை ஒன்றாக வைத்துச் சோதித்து வருகிறார்கள். ஒரே சோண்டில் 1 சதவீதக் கரைசலுக்குப் பதில் 0.5 சதவீதம் ஊற்றினால் விடை ஏறத்தாழ 5 சதவீதம் மாறுகிறது. நடுவில் கரைசலை மாற்றினால் உங்கள் தொடரில் இல்லாத போக்கு ஒன்று முளைக்கும்.

செயற்கைக்கோள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2013ஐ ஒட்டிச் சில நிலையங்களின் சோண்டுகள் மொத்த ஓசோனைக் குறைத்துக் காட்டத் தொடங்கின. செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிட்டதில்தான் அது துலக்கமானது. அதனால் எங்கள் ஒவ்வொரு பலூனையும் அதே நாள் எம்.எல்.எஸ். அளவோடு வைத்துப் பார்க்கிறோம்.

எங்கள் கையிலிருந்து போகும் செலவு சோண்டுக்கே அதிகம். விட்டது பெரும்பாலும் திரும்பி வராது. வாரத்துக்கு ஒன்று விடுவதே பெரிய காரியம். துருவப் பகுதியில் நான் பலூன் விட்டதில்லை. அந்தக் குளிரில் பம்ப் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கே வேலை பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே விட்டாலும் சோண்டின் எண், கரைசலின் செறிவு, பின்னணி மின்னோட்டம், பம்ப் நொடி நான்கையும் அன்றே எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து அந்தத் தரவைத் திருத்தி எடுக்க வேண்டி வந்தால் அந்த நான்கும் இல்லாமல் முடியாது.