பெட்டி இலக்கத்தை நம்பி 68,000 ரூபாய் விட்ட கதை

யாழ்ப்பாணத்தில் 'வெளியில இருந்து வந்த' போன் வாங்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போன மாதம் நான் மாட்டுப்பட்டேன். விசாரிக்காமல் வாங்கி மாட்டுப்பட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை. பெயர் வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் இருந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத போன்களைப் புதிதாக வலையமைப்பில் இணைக்க முடியாது. அதற்கு முன்பே இங்கே சிம் போட்டுப் பாவித்தவற்றுக்குப் பிரச்சினையில்லை. இது தெரிந்தபடியால் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"பதிஞ்ச போன்தான் அண்ணை. நீங்களே மெசேஜ் போட்டுப் பாருங்கோவன்" என்றான் கடைப் பெடியன். பெட்டியைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருந்த ஐ.எம்.ஈ.ஐயை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற பதினைந்து இலக்க எண்ணை, வாசித்தான். ஆணைக்குழுவின் 1909க்கு மெசேஜில் அனுப்பினேன். பதிந்திருப்பதாகப் பதில் வந்தது. "பாத்தீங்களே" என்று ஒரு சிரிப்பு வேறு.

சிம் போட்டுப் பார்ப்போம் என்றேன். லாச்சியைக் கிண்டினான், சிம் தட்டைத் திறக்கிற ஊசியைக் காணோமாம். கடை வைஃபையில் யூடியூப் போட்டுக் காட்டினான். படம் நன்றாக ஓடியது, நானும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன். போன் கடையில் சிம் ஊசி இல்லையாம்! அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொக்குவிலுக்கு வந்து மகளின் தோட்டு முனையால் தட்டைத் திறந்து சிம்மைப் போட்டால், சேவை இல்லை. மனைவியின் சிம் வேறு நிறுவனம்; அதற்கும் அதே கதி. பிறகுதான் *#06# அழுத்திப் பார்த்தேன். திரையில் வந்த இலக்கத்தில் முதல் எட்டும் பெட்டியில் இருந்ததுதான், கடைசி ஏழு வேறு. முதல் எட்டு போனின் மாதிரியைக் குறிப்பது. அதாவது, அதே மாதிரியில் இன்னொரு போனின் பெட்டிக்குள் இதைப் போட்டு விற்றிருக்கிறார்கள். திரையில் இருந்த இலக்கத்தை 1909க்கு அனுப்பினேன். பதிவில் இல்லை.

அடுத்த நாள் முதலாளி நேரே சொன்னார்: "தம்பி, வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை. நீங்கள் செக் பண்ணித்தானே எடுத்தனீங்கள்?" பில் என்று தந்திருந்த துண்டில் 'போன் 1' என்று மட்டும் இருந்தது. ஆணைக்குழுவின் விற்பனை உரிமம் எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்துக் கடைக்காரரோடு பேசப் போய்விட்டார்.

சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. கள்ளமாக வரும் போனை நிறுத்தத்தானே வேண்டும். ஆனால் அடி போய் விழுவது கடைக்காரர் தலையில் அல்ல, வாங்கினவன் தலையில்.

ஆகவே பெட்டியைப் பார்க்காதீர்கள். போனை நீங்களே கையில் வாங்கி *#06# அழுத்துங்கள். இரட்டைச் சிம் என்றால் இரண்டு இலக்கம் வரும், இரண்டையும் அனுப்புங்கள். மெசேஜில் ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ (IMEI) என்ற நாலு எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு இலக்கம். வீட்டில் இருந்தே சிம் ஊசி கொண்டு போங்கள். அந்த இலக்கத்தைப் பில்லில் எழுதித் தராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 'போன் 1' துண்டையும் 1909இன் இரண்டு பதில்களையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முறைப்பாடு கொடுக்கத் திங்கட்கிழமை கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் போகிறேன். போன் மகளிடம், வைஃபையில் கார்ட்டூன் நன்றாகத்தான் ஓடுகிறது.